அலெக்சாண்டிரியாவில் குளிர்காலம்: கேள்விகளும் பதில்களும்

டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் எகிப்தின் அலெக்சாண்டிரியாவுக்குப் போக நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. வேலை நிமித்தமாக அந்த ஊரில் வாழ்ந்தவன் என்பதால் பதில் சொல்ல ஒப்புக்கொண்டேன். கோடையில் கெய்ரோவே திரண்டு வந்து கடற்கரையில் இறங்கிவிடும். குளிர்காலத்தில்தான் ஊர் ஊர்க்காரர்களிடம் இருக்கும். பார்க்க வேண்டிய பருவமும் அதுதான்.

ஜனவரியில் குளிர் எப்படி? எகிப்து என்றாலே வெயில்தானே?

பகலில் 18 டிகிரி, இரவில் 9 அல்லது 10. இந்த எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். வெளியே வெயிலில் நடக்கும்போது சுகமாகத்தான் இருக்கும்; குளிர் வீட்டுக்குள் இருக்கிறது. உயரமான கூரை, கல் தரை, கடல் ஈரம். பழைய ஓட்டல்கள் பலவற்றில் ஹீட்டர் கிடையாது. படுக்கை விரிப்பைத் தொட்டால் நனைந்தது போலச் சில்லென்றிருக்கும். துவைத்துப் போட்ட காலுறை மறுநாளும் காயாது. அறை பதிவு செய்யும்போதே ஹீட்டர் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மழை பெய்யுமா? எந்த வாரம் தவிர்க்க வேண்டும்?

நல்ல கேள்வி. அலெக்சாண்டிரியாவின் குளிர்கால மழை பெரும்பாலும் புயல்களோடு சேர்ந்து வருவது. அந்தப் புயலை அங்கே 'நவ்வா' என்கிறார்கள். மீனவர்கள் தலைமுறை தலைமுறையாக வைத்திருக்கும் நாட்காட்டியில் ஒவ்வொன்றுக்கும் பெயரும் தேதியும் உண்டு. நவம்பர் நடுவில் 'மக்னஸா', டிசம்பர் 4 வாக்கில் 'காசிம்', 20 வாக்கில் 'சின்ன ஃபைதா', ஜனவரி 2 வாக்கில் 'ஆண்டுத் தலை', 12 வாக்கில் 'பெரிய ஃபைதா', 19இல் 'கித்தாஸ்', மாதக் கடைசியில் 'கரம்'. சில இரண்டு மூன்று நாள் நீடிக்கும். காசிம், பெரிய ஃபைதா போன்றவை ஒரு வாரம் வரைகூட. தேதிகள் முன்பின் நகரும், சில ஆண்டுகளில் ஒன்றிரண்டு வராமலே போகும். ஆனாலும் ஊரில் யாரும் இந்த நாட்காட்டியை அலட்சியம் செய்வதில்லை.

நவ்வா வந்தால் துறைமுக வாயிலை மூடிவிடுவார்கள். படகுகள் கரையிலேயே நிற்கும். மீன் விலை ஏறும். தாழ்வான தெருக்களில் முழங்கால் வரை நீர் நிற்கும். 2015 அக்டோபரில் பெய்த ஒரே பெருமழையில் உயிர்கள் போய், ஆளுநரே பதவி விலக நேர்ந்தது. இரண்டு புயல்களுக்கு நடுவே வரும் நாட்களோ கழுவித் துடைத்தாற்போல் தெளிந்திருக்கும். எனவே வாரத்தைத் தவிர்ப்பதைவிடக் கூடுதலாக இரண்டு நாள் கையில் வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

இப்போதே ஓர் எச்சரிக்கை: நவ்வா நாளில் கார்னிஷ் எனும் கடற்கரைச் சாலையின் கடற்சுவரில் உட்காராதீர்கள், படம் எடுக்க ஏறாதீர்கள். அலை சுவரைத் தாண்டிச் சாலையில் விழும்.

கெய்ரோவிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பலாமா?

ரயிலில் சுமார் 208 கிலோமீட்டர், இரண்டரை மணி முதல் மூன்று மணி நேரம். போகலாம், ஆனால் போகாதீர்கள். டிசம்பரில் ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். ஒரு மழை வந்தால் அன்றைய நாளே போயிற்று. இரண்டு இரவாவது தங்குங்கள். பெரும்பாலான ஓட்டல்களுக்கு மிஸ்ர் நிலையம், கிழக்குப் பகுதிகளுக்கு ஸீதி காபிர் நிலையம்.

சைவம் மட்டுமே சாப்பிடுவோம். சமாளிக்க முடியுமா?

தாராளமாக. காலையில் ஃபூல் எனும் அவரைக் கூழ், அதே அவரையில் செய்த தஅமிய்யா வடை, மதியம் அரிசியும் பருப்பும் மக்ரோனியும் தக்காளிச் சாறும் கலந்த குஷரி. குளிர்கால மாலையில் கார்னிஷ் வண்டிகளில் விற்கும் ஹும்முஸ் ஷாமை விட்டுவிடாதீர்கள். அது வேகவைத்த கொண்டைக்கடலையைச் சூடான நீரோடு கண்ணாடிக் குவளையில் ஊற்றித் தருவது. தக்காளி, சீரகம், மிளகாய், எலுமிச்சை எல்லாம் அதில் உண்டு. முதலில் சாற்றைக் குடித்துவிட்டு, அடியில் தங்கும் கடலையைக் கரண்டியால் எடுத்துச் சாப்பிட வேண்டும். மூக்கடைப்புக்கு அதைவிட நல்ல மருந்து அந்த ஊரில் எனக்குக் கிடைத்ததில்லை. அடுப்பு வண்டியில் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கும் இந்தப் பருவத்துக்கே உரியது.

பிப்ரவரியில் ரம்ஜான் வருகிறதே?

2027இல் பிப்ரவரி 8 வாக்கில் தொடங்குகிறது. பகலில் பல உணவகங்கள் மூடியிருக்கும். மாலை நோன்பு திறந்த பிறகு ஊர் நள்ளிரவு தாண்டியும் விழித்திருக்கும். பகல் உணவைக் கையில் வைத்துக்கொண்டால் சிரமமில்லை.

ஜனவரியில் மழை இருக்குமா?

மேலே பார்க்கவும்.

பண்டைய அலெக்சாண்டிரியா நூலகத்தை எரித்தது கலீபா உமரின் படை. அதை ஏன் வழிகாட்டிகள் யாரும் சொல்வதில்லை?

நடந்ததற்குச் சான்று இல்லை என்பதால். அரபுப் படை நகரைக் கைப்பற்றியது 642 வாக்கில். நூல்களை ஆறு மாதம் குளியலறைகளுக்கு விறகாக்கினார்கள் என்ற கதை எழுத்தில் தலைகாட்டுவது கிட்டத்தட்ட அறுநூறு ஆண்டு கழித்து. அந்தக் கதையில் நூல்களுக்காகப் படைத்தலைவரிடம் மன்றாடும் அறிஞர் யோவான் பிலோபோனஸ். அவர் இறந்ததோ 570 வாக்கில்.

அப்படியானால் சீசர்தான் குற்றவாளி?

கி.மு. 48இல் அவர் துறைமுகத்தில் கப்பல்களுக்கு வைத்த தீ கரைக்கும் பரவியது, உண்மை. ஆனால் நூலகத்தோடு இணைந்த அறிஞர் கூடமான மூசியன் அதற்குப் பிறகும் நடந்தது. ரோமப் பேரரசர் கிளாடியஸ் அதற்குப் புதிய கட்டடமே கட்டிக்கொடுத்தார்.

391இல் நூலகத்தின் கிளை இருந்த செராபியம் கோயிலைக் கிறிஸ்தவர்கள் இடித்ததை மறைக்கிறீர்களே!

எதையும் மறைக்கவில்லை. கோயில் இடிக்கப்பட்டது. அந்த நாளில் நூல்கள் எரிந்தன என்று அக்காலத்தவர் யாரும் எழுதவில்லை.

மூன்று பேரும் ஒரே ஒரு குற்றவாளியைத் தேடுகிறீர்கள். நான் சொல்வதைக் கேளுங்கள். நாணலில் செய்த பாப்பிரஸ் தாளின் சுருள் ஈரத்தில் வாழாது. எகிப்தில் நமக்குக் கிடைத்த சுருள்கள் பெரும்பாலும் தெற்கே வறண்ட மணலில் புதைந்து கிடந்தவை. அலெக்சாண்டிரியா இருக்கும் நைல் டெல்டாவின் ஈர மண்ணிலிருந்து கிடைத்தவை மிகக் குறைவு. உங்கள் காலுறையைக் காயவிடாத அதே காற்றுதான் நூலகத்திலும் வீசியது. சுருள்களைத் திரும்பத் திரும்பப் படியெடுத்தால்தான் நூலகம் பிழைக்கும். படியெடுக்க ஆட்களும் ஆட்களுக்குச் சம்பளமும் வேண்டும். கி.மு. 145 வாக்கில் எகிப்து மன்னர் எட்டாம் தாலமி அறிஞர்களை நகரை விட்டே ஓடச் செய்தார். கி.பி. 270களில் ரோமப் பேரரசர் அரேலியனின் போரில் அரண்மனைப் பகுதி பாழானது. தீக்கு முன்பும் பின்பும் ஆதரவு தேய்ந்துகொண்டே வந்தது. எரிந்ததை மட்டும் பேசினால் பராமரிக்காமல் விட்டதை யாரும் பேச மாட்டோம். அதுதான் எனக்கு வருத்தம்.

அப்படியென்றால் நூலகத்தோடு அறிவும் அழிந்தது என்பது சரிதானே?

இல்லை. இதற்குத்தான் உங்களை கோம் எல்-திக்கா எனும் அகழ்வாய்வு இடத்துக்குப் போகச் சொல்கிறேன். மிஸ்ர் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். எல்லோரும் பளிங்கு இருக்கைகள் கொண்ட சிறிய ரோமானிய அரங்கைப் படமெடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அதன் பக்கத்திலேயே போலந்துத் தொல்லியலாளர்கள் தோண்டி வெளிக்கொணர்ந்த இருபதுக்கும் மேற்பட்ட வகுப்பறைகள் வரிசையாக நிற்கின்றன. காலம் பெரும்பாலும் 5, 6ஆம் நூற்றாண்டுகள். ஒவ்வொன்றிலும் சுவரோரமாக லாட வடிவில் கல் படிகள் மாணவர்களுக்கு. வளைவின் நடுவே சில படிகள் ஏறினால் ஆசிரியர் இருக்கை. செராபியம் இடிந்த பிறகும் இங்கே பாடம் நடந்தது. சண்டை போட்ட மூவரும் அந்தப் படியில் போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

நம் ஊரோடு தொடர்பு ஏதாவது உண்டா?

உண்டு. முசிறியிலிருந்து வந்த சரக்கு செங்கடல் துறையில் இறங்கி, ஒட்டகத்தில் நைல் கரை ஊரான கோப்டோஸ் போய், நைல் வழியே அலெக்சாண்டிரியாவின் சுங்கக் கிடங்கை அடைந்த முறையை 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஒன்று விவரிக்கிறது. வரி 25 விழுக்காடு. அந்தப் பாப்பிரஸ் இன்று வியன்னாவில் இருக்கிறது, அலெக்சாண்டிரியாவில் தேடாதீர்கள்.

மழை நாளில் எங்கே போகலாம்?

2023இல் மறுபடி திறந்த கிரேக்க-ரோமானிய அருங்காட்சியகத்துக்கும், 2002இல் திறந்த புதிய நூலகத்துக்கும். கோம் எல்-ஷோகாஃபா நிலத்தடிக் கல்லறையை மழை ஓய்ந்த நாளுக்கு வையுங்கள், படிகள் வழுக்கும். அங்கே வாயிற்சுவரில் நரித்தலை எகிப்தியக் கடவுள் அனுபிஸ் ரோமானியப் படைவீரனின் கவசத்தில் நிற்பதைத் தவறவிடாதீர்கள். பல இடங்களில் நுழைவுச்சீட்டுக்குக் கார்டு மட்டுமே செல்லும்.

டிசம்பர் கடைசியில் மழை வருமா? குழந்தைகளோடு போகிறோம்.

வரலாம். நாட்காட்டி மேலே இருக்கிறது; இனி இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. ஆனால் குழந்தைகளோடு போகிறீர்கள் என்பதால் இதை மட்டும் திரும்பச் சொல்கிறேன்: காற்று அடிக்கும் நாளில் கைத்பே கோட்டையின் வெளிப்பாறைகளிலும் கடற்சுவரிலும் குழந்தைகளை விடாதீர்கள். 1477இல் சுல்தான் கைத்பே பண்டைய கலங்கரை விளக்கம் நின்ற இடத்தில் கட்டத் தொடங்கிய அந்தக் கோட்டையைச் சுற்றிக் கான்கிரீட் கட்டைகளைக் கொட்டி வைத்திருப்பது அலையின் வேகத்துக்காகத்தான்.

கடலில் குளிக்கலாமா?

வேண்டாம்.

கைரவான், துனிஸ் பற்றியும் சொல்லுங்களேன்?

அவை என் ஊர்கள் அல்ல. அங்கே வாழ்ந்தவரைக் கேளுங்கள்.

குடை கொண்டுபோகலாமா?

கார்னிஷ் காற்றில் ஒரு தெருகூடத் தாங்காது. தலைமூடியுள்ள மழைக்கோட்டும், பிடிப்புள்ள அடிப்பாகம் கொண்ட காலணியும் எடுத்துக்கொள்ளுங்கள். காலுறை கூடுதலாகவே வையுங்கள்.