எக்ஸ்ரே நார்மல், ஊதிப் பார்க்கும் டெஸ்ட் எதற்கு?

கேள்வி: எனக்கு வயது 48. பெங்களூரில் கூட்ஸ் ஆட்டோ ஓட்டுகிறேன். 24 வருடமாகத் தினமும் பத்து சிகரெட். காலையில் கொஞ்சம் இருமலும் சளியும் வரும். மற்றபடி ஒரு தொந்தரவும் இல்லை. எக்ஸ்ரே நார்மல். சிகரெட் பிடிக்கிறவர்கள் ஊதிப் பார்க்கும் டெஸ்ட் செய்துகொள்ள வேண்டும் என்கிறார் நண்பர். அவசியமா? அதுவும் நார்மல் என்றால் பயமில்லாமல் இருக்கலாமா?
– வாசகர், அல்சூர்

பதில்: ‘மற்றபடி தொந்தரவு இல்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். தினமும் வரும் இருமலும் சளியும் தொந்தரவுதான். புகைக்கிற பலரும் அதைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. பெங்களூர்க்காரர்களுக்குக் கேட்கவே வேண்டாம்: குளிர், தூசி, பூ மகரந்தம் என்று பழிபோட இங்கே ஆளா இல்லை?

ஒரு அறிகுறியும் இல்லாதவர்களை எல்லாம் கூப்பிட்டு இந்த டெஸ்ட் செய்ய வேண்டாம் என்றுதான் அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2016-லும், மறுபடி 2022-லும் சொன்னது. எனக்கும் அதில் உடன்பாடுதான். அவர்களுக்குச் சொல்லப்போவது சிகரெட்டை விடுங்கள் என்பதே. அதற்கு டெஸ்ட் எதற்கு? ஆனால் நீங்கள் அந்தக் கூட்டத்தில் இல்லை. நாற்பதைத் தாண்டியவர், இத்தனை வருடப் புகை, கூடவே சளி. மூட்டை தூக்கி மாடியேறும்போது உடன் வருபவரைவிட உங்களுக்கு முன்னால் மூச்சு வாங்குகிறதா என்றும் கவனியுங்கள். உங்களுக்கு டெஸ்ட் தேவை.

எக்ஸ்ரே இதற்குப் பதில் ஆகாது. சிஓபிடி என்கிற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் மூச்சுக்குழாய்கள் சுருங்கி, காற்று வெளியேறும் வேகம் குறைகிறது. ஆரம்பத்தில் எக்ஸ்ரே பெரும்பாலும் நார்மலாகவே வரும். வேகத்தை அளக்க ஸ்பைரோமெட்ரி என்கிற இந்த ஊதும் டெஸ்ட்தான் வேண்டும். சின்ன கிளினிக்குகளில் பொதுவாக அந்தக் கருவி இருக்காது. ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் பக்கத்தில் உள்ள அரசு ராஜீவ்காந்தி நெஞ்சக நோய் மருத்துவமனைக்குப் போகலாம்.

மூக்கில் கிளிப் மாட்டுவார்கள். மூச்சை முழுக்க இழுத்து, குழாயில் ஒரே மூச்சாக, முடிந்தவரை வேகமாக ஊத வேண்டும். பக்கத்தில் நிற்பவர் ‘ஊதி, ஊதி, இன்னும்’ என்று கன்னடமும் தமிழும் கலந்து விரட்டுவார். ஆறு நொடியாவது விடாமல் ஊதுங்கள். அப்படிக் குறைந்தது மூன்று தடவை. அப்புறம் மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தை உறிஞ்சச் சொல்லி, கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதச் சொல்வார்கள். மொத்தம் 4 லிட்டர் ஊதினால் முதல் நொடியிலேயே 3 லிட்டர் போல வெளியே வர வேண்டும். மருந்துக்குப் பிறகும் முதல் நொடியில் வருவது மொத்தத்தில் 70 சதவீதத்துக்குக் கீழே நின்றால் சிஓபிடி இருக்கிறது என்று அர்த்தம். அண்மையில் மாரடைப்போ கண் அறுவை சிகிச்சையோ நடந்திருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். டெஸ்டுக்கு முன் ஒரு மணி நேரமாவது சிகரெட் கூடாது.

சரி, நார்மல் என்று வந்தால்? இன்றைக்கு அடைப்பு இல்லை, அவ்வளவுதான். மாரடைப்பையும் புற்றுநோயையும் பற்றி அந்தக் காகிதம் ஒன்றும் சொல்லாது. இங்கிலாந்தில் 561 புகைப்பவர்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2008-ல் வெளிவந்தது. ‘உங்கள் நுரையீரலுக்கு இத்தனை வயது’ என்று, அதாவது எந்த வயது ஆரோக்கியமானவர் அதே அளவு ஊதுவார் என்று, சொல்லப்பட்டவர்களில் 13.6 சதவீதம் பேர் ஒரு வருடத்தில் புகையை விட்டிருந்தார்கள். ஊதிய அளவு மட்டும் சொல்லப்பட்டவர்களில் 6.4 சதவீதம். மோசமான முடிவு வந்தவர்களைப் போலவே நல்ல முடிவு வந்தவர்களும் விட்டார்கள். ஆகவே முடிவு எதுவானாலும் நுரையீரல் வயதைக் கேட்டு வாங்குங்கள்.

விடுவதற்கு உதவி வேண்டுமானால் உங்கள் சிகரெட் பாக்கெட்டிலேயே 1800-11-2356 என்ற இலவச எண் இருக்கும். நிகோடின் சூயிங்கம், மாத்திரை பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

இருமல் எவ்வளவு காலமாக என்று நீங்கள் எழுதவில்லை. நம் நாட்டில் இரண்டு வாரத்தைத் தாண்டிய எந்த இருமலுக்கும் காசநோய்க்கான சளிப் பரிசோதனை செய்தாக வேண்டும். அதையும் அதே நாளில் கொடுத்துவிடுங்கள். சளியில் ரத்தம் தெரிந்தாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, டெஸ்டுக்கு நாள் பார்க்காமல் உடனே போங்கள்.