சர்க்கரை நோய் கண் பார்வையை எப்படிப் பாதிக்கிறது? தடுக்க முடியுமா?

விழித்திரை என்பது கண்ணின் உட்புறப் பின்பக்கத்தில் இருக்கும் மெல்லிய படலம். காட்சி பதிவாவது அங்கேதான். சர்க்கரை ஆண்டுக்கணக்கில் கூடியே இருந்தால் அதன் நுண்ணிய ரத்தக்குழாய்கள் நைந்துபோகும். பழைய சொட்டுநீர்க் குழாய் மாதிரி சில இடத்தில் கசியும், சில இடத்தில் அடைக்கும். அடைத்த பகுதிக்கு ஆக்சிஜன் போதாமல் கண் புதுக் குழாய்களை வளர்க்கும். அவை வலுவில்லாதவை, எளிதில் உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கசியும். இதுதான் சர்க்கரை விழித்திரை நோய்.

தடுக்க முடியும். மூன்று மாத ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனை அளவு பலருக்கு 7 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. ரத்த அழுத்தமும் முக்கியம். பெரும்பாலானோருக்கு வரும் டைப் 2 சர்க்கரை நோய் என்றால் நோய் தெரிந்த உடனேயே, அப்புறம் வருடம் ஒருமுறை, சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும்.

'பார்வை நன்றாகத்தானே இருக்கிறது' என்று தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். ஆரம்பத்தில் இந்த நோய் வலியோ மங்கலோ காட்டாது, கண்ணாடிக்கான பரிசோதனையும் இதற்குப் போதாது.