தைராய்டு அதிகமாகச் சுரந்தால் அட்ரினல் என்ன ஆகும்?

ஹைப்பர்தைராய்டு வந்தால் அட்ரினலும் கெட்டுப்போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் கெடாது, வேலைதான் கூடும்.

சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிதான், உடல் நெருக்கடியைச் சமாளிக்க உதவும் கார்ட்டிசால் ஹார்மோனைச் சுரக்கிறது. தைராய்டு ஹார்மோன் மிகுந்தால் கல்லீரல் அந்தக் கார்ட்டிசாலை வழக்கத்தைவிட வேகமாகச் சிதைக்கிறது. உடனே மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, அட்ரினலைத் தூண்டும் ஏ.சி.டி.எச். ஹார்மோனைக் கூடுதலாக அனுப்புகிறது, அட்ரினலும் ஈடுகட்டிச் சுரக்கிறது. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பது மாதிரிதான். அதனால் ரத்தப் பரிசோதனையில் கார்ட்டிசால் பொதுவாகச் சரியாகவே தெரியும்.

அட்ரினல் ஏற்கெனவே பலவீனமாக இருந்தால்தான் சிக்கல். ஈடுகட்ட முடியாமல் கடும் சோர்வு, வாந்தி, ரத்த அழுத்தச் சரிவு என்று போய்விடும். அடிசன் நோய்க்கு (அட்ரினல் போதிய அளவு சுரக்காத நோய்) ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவருக்குத் தைராய்டும் எகிறினால் டோஸைக் கூட்ட வேண்டிவரலாம். அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும், நாமாக அல்ல. தைராய்டை அதிகமாகச் சுரக்க வைக்கும் கிரேவ்ஸ் நோயும் அடிசனும் அபூர்வமாக ஒரே ஆளுக்கு வருவதுண்டு.

அப்புறம், ஹைப்பர்தைராய்டில் வரும் படபடப்பும் கைநடுக்கமும். அட்ரினல் சுரக்கும் ‘அட்ரினலின்’ என்ற இன்னொரு ஹார்மோன் கூடிவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதன் அளவு கூடுவதில்லை. உடல் அதற்குக் காட்டும் உணர்திறன்தான் கூடுகிறது. புரோப்ரனோலால் மாத்திரை கொடுப்பது அதை அடக்கத்தான்.