ஆடியோ சிப்புக்குத் தொடுதிரையில் என்ன வேலை?

கேள்வி: பழைய பாக்கெட் கம்ப்யூட்டர் ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன் சார். தொடுதிரையிலிருந்து வரும் நான்கு லைன்களும் நேராக ஆடியோ கோடெக் சிப்புக்கு, அதாவது ஒலியை எண்ணாகவும் எண்ணை ஒலியாகவும் மாற்றும் சிப்புக்குப் போகின்றன. டச் கன்ட்ரோலர் என்று தனியாக எதுவுமே காணோம். இதென்ன கூத்து?

பதில்: கூத்தெல்லாம் இல்லை, அப்போது அப்படித்தான் செய்தார்கள். பிலிப்ஸின் யுசிபி1400, வுல்ஃப்சனின் டபிள்யூஎம்9712, 9713, டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஎஸ்சி2101 எல்லாமே பாட்டையும் தொடுதலையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும் சிப்கள்தான்.

அந்தக் காலத் திரை ரெசிஸ்டிவ் வகை. மின்சாரம் கடத்தும் பூச்சு பூசிய இரண்டு அடுக்குகள், நடுவே மயிரிழை இடைவெளி. ஒரு அடுக்கின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் நடுவே 3.3 வோல்ட் கொடுத்துவிட்டு, நீங்கள் அழுத்தும்போது மேல் அடுக்கு கீழ் அடுக்கைத் தொடும் இடத்தில் எவ்வளவு வோல்ட் இருக்கிறது என்று மற்ற அடுக்கு வழியாக அளந்தால் போதும். சரியாக நடுவில் தொட்டால் 1.65 வோல்ட், 12 பிட் ஏ.டி.சி. (வோல்டேஜை எண்ணாக்கும் சுற்று) என்றால் 2048-ஐ ஒட்டி ஒரு எண் வரும். அடுத்த நொடித்துளியில் அடுக்குகளின் வேலையை மாற்றிப்போட்டு இன்னொரு திசையையும் அளந்துவிடுவார்கள். ஆக, தொடுதல் என்பது கடைசியில் ஒரு வோல்டேஜ். மைக்கிலிருந்து வருவதும் வோல்டேஜ்தான். அனலாக் சமாச்சாரத்தை எண்ணாக்கும் பட்டறை ஒன்று போர்டில் ஏற்கெனவே இருக்கும்போது, இன்னொன்றை ஏன் வாங்க வேண்டும்? பேட்டரி வோல்டேஜைப் பார்க்கும் வேலையையும் இதே சிப்பின் தலையில்தான் கட்டினார்கள்.

ஒன்றை மட்டும் தப்பாகப் புரிந்துகொள்ள வேண்டாம். குரலைப் பதிவு செய்யும் அதே ஏ.டி.சி. திரையையும் அளப்பதில்லை. உள்ளே தொடுதிரைக்கென்று மெதுவான, சின்ன ஏ.டி.சி. தனியாக உண்டு, யுசிபி1400-இல் அது 10 பிட். உண்மையான சிக்கனம் பிராசசருக்குப் போகும் லைன்களில்தான். ஏசி97 என்ற இணைப்பு முறையில் கோடெக்குக்கும் பிராசசருக்கும் நடுவே மொத்தம் ஐந்தே லைன்கள். அதில் நொடிக்கு 48,000 ஃபிரேம், ஒவ்வொன்றும் 256 பிட், பெருக்கிப் பார்த்தால் 12.288 மெகாஹெர்ட்ஸ் கிளாக். ஒரு ஃபிரேமில் முதலில் 16 பிட் முகப்பு, அப்புறம் 20 பிட் கொண்ட 12 இடங்கள். ஸ்டீரியோ பாட்டுக்கு அதில் இரண்டு இடம் போதும். மோடமுக்கென்று ஒதுக்கிய 5-ஆம் இடம் பெரும்பாலும் காலியாகக் கிடக்கும், வுல்ஃப்சன் சிப்களில் தொடுதிரை எண்களை அதில் ஏற்றி அனுப்பிவிடலாம். கூடுதலாக ஒரு லைன்கூடத் தேவையில்லை. இன்டெலின் பிஎக்ஸ்ஏ255, பிஎக்ஸ்ஏ270 பிராசசர்களில் ஏசி97 கன்ட்ரோலர் உள்ளேயே இருந்ததால் இந்த ஜோடி நன்றாகவே ஓடியது.

கேள்வி: இதே மாதிரி சிப் உள்ள போர்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. மிக்ஸரில் 3டி என்று ஒரு செட்டிங். ஏற்றினால் பாட்டு அகலமாகிறது, ஆனால் பாடுகிறவர் பின்னால் போய்விடுகிறார். ஹெட்போனில் இன்னும் மோசம். சிப் பழுதா?

பதில்: சிப் நன்றாகத்தான் இருக்கிறது. 3டி என்ற பேர்தான் கொஞ்சம் ஓவர். உள்ளே நடப்பது ஒரு கழித்தல், ஒரு கூட்டல், அவ்வளவுதான். இடது சேனலிலிருந்து வலதைக் கழித்தால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கிடைக்கும். அதில் ஒரு பங்கை இடதில் கூட்டு, வலதில் கழி. இடது 5, வலது 3 என்று வையுங்கள். வித்தியாசம் 2, அதில் பாதி 1. இப்போது இடது 6, வலது 2. மொத்தம் அதே 8தான், ஆனால் இரண்டுக்கும் நடுவே இடைவெளி 2-லிருந்து 4 ஆகிவிட்டது, காதுக்கு அகலம் கூடிய மாதிரி இருக்கும். கூட்டலையும் கழித்தலையும் வைத்து அகலத்தோடு விளையாடுவது புதுசும் இல்லை, ஆலன் புளூம்லைன் 1931-இல் விண்ணப்பித்த ஸ்டீரியோ காப்புரிமையிலேயே இந்த யோசனை இருக்கிறது.

இப்போது குரலுக்கு வருவோம். பாடுகிறவர் குரலை வழக்கமாக இரண்டு சேனலிலும் சமமாக வைப்பார்கள். சமமானதைக் கழித்தால் பூஜ்யம், அதனால் குரல் ஏறவே ஏறாது. பக்கத்தில் இருக்கிற எதிரொலி, கோரஸ், கிட்டார் எல்லாம் ஏறும். ஒலி உடையாமல் இருக்க மொத்தச் சத்தத்தையும் சிப்போ நீங்களோ குறைத்தால் குரல் இன்னும் அடிபடும். ஏசி97-இல் இந்த ஆழத்துக்கு 0 முதல் 15 வரை படி உண்டு. நான் 4, 5-ஐத் தாண்ட மாட்டேன்.

ஹெட்போனில் இதை அணைத்தே வையுங்கள். கைக்கருவியில் இரண்டு ஸ்பீக்கரும் ஒட்டி ஒட்டி இருப்பதால் இரண்டு காதுக்கும் இரண்டு ஒலியும் கலந்து போகிறது, அதை ஈடுகட்டத்தான் இந்த வித்தை. ஹெட்போனில் கலப்பே கிடையாதே, ஈடுகட்ட என்ன இருக்கிறது?

சந்தேகம் இருந்தால் ஒரு மோனோ ஃபைலை ஓடவிட்டு 3டியைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். சத்தம் சற்று மாறலாம், அகலம் மாறக் கூடாது. மோனோ ஃபைலே 3டி அணைந்திருக்கும்போதும் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல், பேஸ் செத்துப்போய்க் கேட்டால் ஒரு ஸ்பீக்கரின் வயரை மாற்றிக் கொடுத்திருக்கிறீர்கள்.

கேள்வி: லினக்ஸ் போட்ட பழைய போர்டில் பாயின்டர் ஒரே இடத்தில் நில்லாமல் துள்ளுகிறது. குரல் பதிவு செய்துகொண்டே திரையைத் தொட்டால் பதிவில் டிக் டிக் என்று கேட்கிறது.

பதில்: இரண்டும் ஒரே குடும்பத் தகராறு. திரைக்கு வோல்டேஜ் கொடுத்த உடனே அளந்தால் எண் தப்பாகத்தான் வரும், அது அடங்கச் சிறிது நேரம் வேண்டும். வுல்ஃப்சன் டிரைவரில் டிலே என்று ஒரு அமைப்பு உண்டு, முதலில் அதைக் கூட்டுங்கள். பின்னால் இருக்கும் எல்சிடியின் இரைச்சலும் அளவில் ஏறும், அந்த இரைச்சல் நேரத்தில் அளக்காமல் தவிர்க்க மாஸ்க் என்ற வசதி இருக்கிறது. மிச்சத்தை டிஎஸ்லிப் என்ற தொடுதிரை மென்பொருள் வடிகட்டிவிடும். தொடுதிரை லைன்களில் கெபாசிட்டர் போட்டாலும் இரைச்சல் குறையும், ஆனால் அது டிலேயை இன்னும் கூட்டச் சொல்லும், பார்த்துக்கொள்ளுங்கள்.

டிக் சத்தம் வருவது, ஒவ்வொரு அளவுக்கும் திரை வழியே கரன்ட் பாய்ந்து நிற்பதால். மைக்குக்கு மின்சாரம் தரும் பயாஸ் சப்ளையில் நல்ல கெபாசிட்டர் இருக்கிறதா, மைக் லைன் தொடுதிரை கேபிளை உரசிக்கொண்டு போகிறதா என்று பாருங்கள். பதிவு நேரத்தில் நொடிக்கு எத்தனை முறை அளப்பது என்பதைக் குறைத்தாலும் ஓரளவு அடங்கும்.

கேள்வி: இப்போதைய போன்களில் இப்படிக் கூட்டுச் சிப் உண்டா?

பதில்: இல்லை. விரல் பட்டாலே உணரும் இப்போதைய கெபாசிட்டிவ் திரையில் குறுக்கும் நெடுக்குமாக ஏராளமான லைன்கள் இருக்கும், அத்தனையையும் ஓயாமல் துழாவ அதற்கென்றே ஒரு சிப் வேண்டும். ஆடியோ தன் வழியே தனியாகப் போய்விட்டது.

கேள்வி: புது புராஜெக்டுக்கு டபிள்யூஎம்9712 வாங்கலாமா?

பதில்: வேண்டாம். வுல்ஃப்சனை 2014-லேயே சிரஸ் லாஜிக் வாங்கிவிட்டது, இன்றைய பிராசசர்கள் பலவற்றில் ஏசி97-ஏ கிடையாது. ரெசிஸ்டிவ் திரைதான் வேண்டுமென்றால் அதற்கு ஒரு சின்ன டச் கன்ட்ரோலர், பாட்டுக்கு ஐ2எஸ் (ஒலியை அனுப்பும் இன்னொரு இணைப்பு முறை) கோடெக் ஒன்று என்று தனித்தனியாகப் போடுங்கள். பழைய கருவிக்கு மாற்றாகத் தேடுகிறீர்கள் என்றால் அதே எண், அதே பேக்கேஜ் பார்த்து வாங்குங்கள்.