மன்னார்குடிக் கள ஆய்வு: காவல் நண்பர்கள் எங்கே?

உங்கள் கள ஆய்வுக்காகப் போனால், மன்னார்குடிப் பக்கக் காவல் நிலையங்களில் ‘பிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ்’ (காவல்துறைக்கு உதவிய பொதுமக்களின் தன்னார்வ அமைப்பு) உறுப்பினர்கள் யாரும் இல்லை என்று உங்களைத் திருப்பி அனுப்புவதாக எழுதியிருந்தீர்கள். காவலர்கள் எதையும் மறைக்கவில்லை. 1993இல் ராமநாதபுரத்தில் காவல் அதிகாரி பிரதீப் வி. பிலிப் தொடங்கிய அந்த அமைப்பை, சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் தாக்கப்பட்டு இறந்த பிறகு 2020 ஜூலையில் அரசே தடை செய்துவிட்டது. முன்னாள் உறுப்பினர்களை இனி டீக்கடையில்தான் தேட வேண்டும்.

என்னைக் கேட்டால், ஊர்த் தகராறுகளை அறிய கிராம நிர்வாக அலுவலரிடமிருந்து தொடங்குங்கள். வாய்க்கால் தகராறும் வரப்புச் சண்டையும் பெரும்பாலும் காவல் நிலையத்துக்கு முன்னால் அவர் காதுக்குத்தான் வரும். கிராம சபைத் தீர்மானங்களை ஊராட்சியில் தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். காவல் நிலைய எல்லையும் ஊராட்சி எல்லையும் ஒன்றல்ல. ஆய்வுக்கு மாதிரி ஊர்களைத் தேர்ந்தெடுக்கும்போது கவனம். தை அறுவடையில் மட்டும் போகாதீர்கள், உட்கார்ந்து பேச ஆள் கிடைக்காது.