டிரையர் ஓடியும் துணி காயவில்லை, சுவரெல்லாம் வியர்க்கிறது. என்ன செய்வது?

கேள்வி: சென்னையில் அடுக்ககத்தில் வசிக்கிறோம். மழைக்காலத்தில் கொடியில் எதுவும் காயாததால் ஐந்தரை கிலோ டிரையர் ஒன்று வாங்கினோம். சமையலறையை ஒட்டிய சின்ன யுடிலிட்டியில் வைத்திருக்கிறோம். கோடையில் நன்றாகத்தான் இருந்தது. ஐப்பசி பிறந்ததிலிருந்து இரண்டு மணி நேரம் ஓட்டினாலும் ஜீன்ஸும் பெட்ஷீட்டும் ஈரமாகவே வருகின்றன. ஜன்னல் கண்ணாடியில் நீர் வழிகிறது, சுவரில் கரும்புள்ளியாகப் பூஞ்சை. மெஷின் கெட்டுவிட்டதா?

பதில்: கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. டிரையரிலிருந்து வெளியேறும் காற்று எங்கே போகிறது என்று நீங்கள் எழுதவில்லை. கண்ணாடி வியர்ப்பதை வைத்துப் பார்த்தால், அது அந்த அறைக்குள்ளேயேதான் சுற்றிக்கொண்டிருக்கிறது. உங்களுடையது காற்றை வெளியே தள்ளும் ரகமாகத்தான் இருக்கவேண்டும். தண்ணீரைப் பிடித்துத் தொட்டியில் சேர்க்கும் கண்டென்ஸர் ரகம் என்றால், தொட்டியைக் காலி செய்வதைப் பற்றியும் எழுதியிருப்பீர்கள்.

டிரையர் தண்ணீரை அழிப்பதில்லை, துணியிலிருந்து காற்றுக்கு மாற்றுகிறது, அவ்வளவுதான். கணக்கைப் பாருங்கள். உலர்ந்த நிலையில் 4 கிலோ இருக்கும் பருத்தித் துணி, நிமிடத்துக்கு 1000 சுற்று ஸ்பின் முடிந்து வரும்போது சுமார் 2.4 லிட்டர் தண்ணீரைச் சுமந்துகொண்டிருக்கும். எட்டுக்கு ஐந்து அடி யுடிலிட்டியில் இருக்கும் காற்று ஏறத்தாழ 10 கன மீட்டர். 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் நீராவியைத்தான் தாங்கும். ஆக, எலும்பாக உலர்ந்த காற்றாக இருந்தால்கூட அந்த அறை 300 கிராமில் நிரம்பிவிடும். அடைமழை நாளில் காற்று ஏற்கெனவே முக்கால்வாசிக்கு மேல் நிரம்பித்தான் இருக்கிறது. மிச்ச இரண்டு லிட்டர் சுவரில்தான் ஏறும். அந்த ஈரக் காற்றையே மெஷின் திரும்ப இழுத்துச் சூடாக்குகிறது. அப்புறம் துணி எப்படிக் காயும்? கோடையில் ஜன்னலும் கதவும் திறந்தே கிடந்திருக்கும், வெளிக்காற்றும் அவ்வளவு ஈரமில்லை. அதனால் இந்தக் குறை அப்போது தெரியவில்லை.

செலவில்லாத ஒரு சோதனை செய்யுங்கள். அடுத்த முறை யுடிலிட்டி ஜன்னலைத் திறந்துவிட்டு, டேபிள் ஃபேனை வெளிப்பக்கம் பார்த்து வைத்து ஓட்டுங்கள். நேரம் கணிசமாகக் குறைந்தால் சந்தேகமே வேண்டாம், டிரையர் காற்றை வெளியே கொண்டுபோகக் குழாய் போட்டுவிடலாம்.

பெரும்பாலான மாடல்களுக்கு 4 அங்குலக் குழாய் பொருந்தும். உங்கள் மெஷினின் வாயை அளந்துவிட்டு வாங்குங்கள். பிளாஸ்டிக் சுருள் குழாயைவிட அலுமினியக் குழாய் நல்லது. எவ்வளவு நீளம் குறைவோ, எவ்வளவு வளைவு குறைவோ அவ்வளவு லாபம். நடுவில் தொய்வு விழக்கூடாது. தொய்ந்த இடத்தில் நீராவி குளிர்ந்து தண்ணீராகத் தேங்கிக் காற்றின் வழியை அடைத்துவிடும். வெளி முனைக்குத் தானாகத் திறந்து மூடும் மூடி போடுங்கள். இல்லாவிட்டால் சாரலும் புறாவும் உள்ளே வரும். குழாய் போட்டவர்களில் பலர் மறப்பது இன்னொன்று: வெளியே போகும் அளவுக்குக் காற்று அறைக்குள் வரவும் வேண்டும். கதவை இறுக்கிச் சாத்திவிட்டு ஓட்டினால் மெஷின் திணறும்.

அடுத்து ஸ்பின். இதில் மிச்சமாகும் மின்சாரத்தைப் பலர் கவனிப்பதில்லை. 800 சுற்றில் பிழிந்த பருத்தித் துணியில் அதன் உலர் எடையில் சுமார் 70 சதவீதம் தண்ணீர் இருக்கும். 1400 சுற்றில் 50 சதவீதம்தான். ஒரு லிட்டரை ஆவியாக்க டிரையருக்கு நடைமுறையில் ஒரு யூனிட்டை நெருங்கிய மின்சாரம் போகும், வாஷிங் மெஷின் பிழிந்து எடுப்பதற்கோ மிகச் சொற்பம். பெட்டியை எடை பார்க்கும் கைத்தராசு இருந்தால் துணியைத் துவைக்கும் முன்னும் ஸ்பின் முடிந்த பின்னும் தொங்கவிட்டுப் பாருங்கள். 4 கிலோ போட்டு 7 கிலோ வந்தால் குறை டிரையரில் இல்லை. இன்னொரு முறை ஸ்பின் மட்டும் ஓட்டுங்கள்.

பெட்ஷீட்டும் வேட்டியும் உள்ளே உருண்டையாகச் சுருட்டிக்கொள்ளும். வெளியே காய்ந்து நடுவில் சொதசொதவென்று இருக்கும். பாதியில் நிறுத்தி உதறிப் போடுவதைத் தவிர வழியில்லை. ஜீன்ஸைத் தனியாகப் போடுங்கள்.

பஞ்சுத்தூசி பிடிக்கும் வலையை ஒவ்வொரு முறையும் சுத்தம் செய்வீர்கள் என்று நம்புகிறேன். அது போதாது. துணி வாசனைக்கு ஊற்றும் திரவம் கண்ணுக்குத் தெரியாத படலமாக வலையில் படியும். வலையைக் குழாயடியில் பிடியுங்கள். தண்ணீர் இறங்காமல் நின்றால் சோப்பும் பழைய டூத்பிரஷ்ஷும் கொண்டு தேய்த்துக் கழுவி, காயவைத்து மாட்டுங்கள். ஈரம் உணரும் சென்சார் உள்ள மெஷின்களில் இதே படலம் டிரம்முக்குள் இருக்கும் இரண்டு உலோகப் பட்டைகளிலும் படிந்து கணக்கைக் குழப்பும். ஈரம் இருக்கும்போதே மெஷின் நின்றுவிடும். வினிகர் தொட்ட துணியால் அந்தப் பட்டைகளைத் துடைத்தால் போதும்.

துவைப்பதும் உலர்த்துவதும் ஒரே மெஷினில் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அவற்றில் பல, குழாய்த் தண்ணீரைக் கொண்டுதான் நீராவியைக் குளிர்விக்கின்றன. துவைத்து முடிந்தது என்று குழாயை மூடிவிட்டால் உலர்த்தாது. சித்திரை வெயிலில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் கொதித்துக் கிடக்கும் மதியத்திலும் சரியாக வேலை செய்யாது, காலையில் ஓட்டுங்கள். துவைக்க 8 கிலோ என்று போட்டிருந்தாலும் உலர்த்தும் அளவு 5 கிலோவாகத்தான் இருக்கும்.

எண்ணெய்க் கறை படிந்த தலையணை உறை, எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு துவட்டிய துண்டு இவற்றை டிரையரில் போடாதீர்கள். துவைத்த பின்னும் தங்கும் எண்ணெய், சூடான துணிக் குவியலில் தானாகத் தீப்பிடிக்கக்கூடும். அதே காரணத்துக்காக, கடைசியில் வரும் குளிர்காற்றுச் சுற்று முடியும் முன் மெஷினை நிறுத்தித் துணியை உள்ளேயே விட்டுவிடாதீர்கள்.

பூஞ்சையைப் பிளீச்சிங் கலந்த தண்ணீரால் துடைக்கலாம். ஆனால் குழாய் போட்ட பிறகு செய்யுங்கள், இல்லையேல் பத்து நாளில் திரும்ப வரும். பிளீச்சிங்கோடு வினிகரைச் சேர்த்துவிடாதீர்கள், விஷவாயு கிளம்பும்.

இவ்வளவும் செய்து சரியாகவில்லை என்றால், ஓட ஆரம்பித்த கால் மணி நேரத்தில் குழாய் முனையில் கையை வைத்துப் பாருங்கள். காற்று பலமாக வந்தும் சூடில்லை என்றால் ஹீட்டரோ அதன் பாதுகாப்பு சுவிட்சோ போயிருக்கும். சூடாக இருந்தும் காற்று மெலிதாக வந்தால் உள்ளே எங்கோ பஞ்சு அடைத்திருக்கிறது. மாலையில் மட்டும் இப்படி என்றால் மின்னழுத்தத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். 230 வோல்ட் 200 ஆக இறங்கினாலே ஹீட்டரின் சூடு கால்பங்கு குறைந்துவிடும். மெக்கானிக்கைக் கூப்பிடும்போது இந்த மூன்றில் எது என்று சொல்லிவிட்டால், அவர் வரும்போதே தேவையான பாகத்தோடு வருவார்.