ஃப்ராய்டன்ஷ்டாட்: எந்த மாதம், எந்த உயரம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மூன்று ஆண்டுகளாகக் கார்ல்ஸ்ரூஹேயில் இருக்கிறோம். ஷ்வார்ட்ஸ்வால்ட் (கருங்காடு) பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபிறகு, பருவத்துக்கு ஒருமுறை ஃப்ராய்டன்ஷ்டாட் போய்வருவது என்று வீட்டில் முடிவு செய்தோம். எட்டு வயது மகனும் வருவான். கார் கிடையாது. போன ஏப்ரலில் போனபோது ஊரில் நல்ல வெயில். பஸ் பிடித்து மேலே போய் இறங்கினால் முழங்கால் வரை பனி. ஜீன்ஸ் நனைந்து, அரை மணி நேரத்தில் திரும்பிவிட்டோம். எந்தப் பருவத்தில் என்ன செய்யலாம்? நவம்பரில் போவதே வீண் என்கிறார்களே, உண்மையா?

ர.

அன்புள்ள ர.,

ஏப்ரலில் உங்களைத் திருப்பி அனுப்பியது உயரம். கார்ல்ஸ்ரூஹே சுமார் 115 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஃப்ராய்டன்ஷ்டாட் 730 மீட்டர் அளவில். பக்கத்திலுள்ள க்னீபிஸ் என்ற மலைக் கிராமம் 900-க்கு மேல், அதற்கும் வடக்கே ஷ்லிஃப்கொஃப் மலை 1,050-ஐத் தாண்டும். நூறு மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 0.6 டிகிரி குறையும். உங்கள் வீட்டு வாசலில் 7 டிகிரியில் மழை பெய்தால் க்னீபிஸில் 2 டிகிரி, ஷ்லிஃப்கொஃபில் பனி. மேற்கிலிருந்து ரைன் சமவெளியைக் கடந்து வரும் மேகங்கள் வந்து முட்டுவதும் இந்த மலைகளில்தான். அதனால் எந்த மாதம் போவது என்று முடிவானதும், அந்த மாதத்துக்கு எந்த உயரம் ஏற்றது என்று பாருங்கள். செய்ய வேண்டியது தானாகவே தெரிந்துவிடும்.

கார் இல்லாதது குறையே இல்லை. முர்க் பள்ளத்தாக்கு வழியாகப் போகும் எஸ்8 ரயில் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் கொண்டுபோய் விடும். பையர்ஸ்ப்ரோனுக்குப் பிறகு கிலோமீட்டருக்கு 50 மீட்டர் ஏறும் இடத்தில் ஒரு காலத்தில் பல்சக்கர ரயில் ஓடியது. மகனை ஜன்னலோரம் உட்கார வையுங்கள். ஊரில் இரண்டு நிலையங்கள் உண்டு. 1599-இல் உருவான ஊரின் பெரிய சதுக்கத்துக்குப் போக ‘ஷ்டாட்’ நிலையத்தில் இறங்க வேண்டும். ஹௌப்ட்பான்ஹோஃப் என்ற முதன்மை நிலையம் பள்ளத்தில் தள்ளியிருக்கிறது. மலைமேல் போகும் பஸ்கள் குறைவு. இறங்கியதும் முதல் வேலையாக, திரும்பும் பஸ்ஸின் நேரத்தை நிறுத்தத்திலேயே படமெடுத்துக்கொள்ளுங்கள். ஓர் இரவு தங்கினால் தங்குமிடத்தில் கோனுஸ் அட்டையைக் கேட்டு வாங்குங்கள். அதைக் காட்டினால் ஷ்வார்ட்ஸ்வால்ட் பகுதியின் பஸ்ஸும் உள்ளூர் ரயிலும் இலவசம்.

குளிர்காலத்துக்கு க்னீபிஸ். சரிவில் சறுக்குவதைவிட, சமதளக் காட்டில் நடைபோல் சறுக்கும் லாங்லாவ்ஃப் உங்கள் குடும்பத்துக்குப் பொருந்தும். இதில் இரண்டு வகை. தண்டவாளம்போல் வெட்டிய இரட்டைப் பள்ளத்தில் போவது கிளாசிக், அகலத் தடத்தில் இருபுறமும் உதைத்துப் போவது ஸ்கேட்டிங். மூவரும் கிளாசிக்கில் தொடங்குங்கள்.

காலில் மாட்டும் சறுக்குப் பலகையான ஸ்கீயை வாடகைக்கு எடுக்கும்போது உயரத்தோடு எடையையும் சொல்லுங்கள், ஏனென்றால் ஸ்கீயின் விறைப்பு எடைக்கேற்ப அமைய வேண்டும். கடையிலேயே சோதித்துவிடலாம். தட்டையான தரையில் இரண்டு ஸ்கீயிலும் சமமாக எடை வைத்து நில்லுங்கள். ஒருவர் பாதத்துக்கு நேர்கீழே ஒரு தாளைச் செருகி முன்னும் பின்னும் இழுக்கட்டும். தாள் தடையின்றி நகர வேண்டும். பிறகு முழு எடையையும் அந்த ஸ்கீக்கு மாற்றுங்கள். தாள் இறுகப் பிடிபட வேண்டும். பிடிபடாவிட்டால் ஸ்கீ உங்களுக்கு அதிக விறைப்பு, ஏற்றத்தில் பின்னோக்கி வழுக்கும். இரண்டு காலில் நிற்கும்போதே தாள் நகரவில்லை என்றால் அது அளவுக்கு மீறி மென்மையானது, சறுக்கும்போதெல்லாம் தேய்ந்து வேகத்தைத் தின்னும். வெப்பம் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும் நாளில், அதிலும் புதுப்பனி விழுந்திருந்தால், ஸ்கீயின் அடியிலுள்ள செதில்களில் பனி கட்டிக்கொண்டு குதிகால் உயர்ந்த செருப்பு போட்டதுபோல் ஆகிவிடும். அதற்கு அடியில் தடவும் மெழுகுத் திரவம் ஒரு சிறு புட்டி போதும். கிளம்பும் முன்பே தடவுங்கள்.

லாய்ப்பே எனப்படும் அந்தத் தடத்தின்மேல் நடக்கக் கூடாது. ஒரு காலடிக் குழி போதும், பின்னால் வருபவர் விழுவதற்கு. நடப்பவர்களுக்கென்று தனியாகப் பனிப்பாதைகள் அமைத்திருக்கிறார்கள்.

ஜீன்ஸை வீட்டில் விட்டுவிடுங்கள். பருத்தி ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு உடல் சூட்டை உறிஞ்சிவிடும். உள்ளே மெல்லிய கம்பளி அல்லது பாலியஸ்டர், நடுவில் ஃபிளீஸ், மேலே காற்றும் மழையும் புகாத சட்டை. கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். அப்போதே கதகதப்பாக இருந்தால் பத்து நிமிடத்தில் வியர்த்து, நின்றதும் நடுங்க நேரும்.

மார்ச், ஏப்ரலில் ஊருக்குக் கீழே இறங்குங்கள். 300 முதல் 600 மீட்டர் வரையுள்ள முர்க் பள்ளத்தாக்கில் வசந்தம் முன்னதாகவே வந்துவிடும். மேலே வடக்கு பார்த்த சரிவுகளில் பழைய பனி மிதிபட்டுக் கண்ணாடிபோல் உறைந்து கிடக்கும். மே வரை ஷ்லிஃப்கொஃபை மறந்துவிடலாம்.

வசந்தத்தோடு உண்ணிகளும் வருகின்றன. இதில் அலட்சியம் வேண்டாம். ஏறக்குறைய பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலம் முழுவதுமே உண்ணி பரப்பும் மூளைக்காய்ச்சலுக்கு ஆபத்துப் பகுதி. தடுப்பூசி மூன்று தவணை. குளிர்காலத்திலேயே தொடங்கினால் வசந்தத்துக்குள் இரண்டு முடிந்திருக்கும். கடித்த உடனேயே அந்த வைரஸ் உடலுக்குள் போய்விடும் என்பதால், உண்ணியைச் சீக்கிரம் எடுத்துவிட்டோம் என்று நிம்மதி அடைய முடியாது. உண்ணி பரப்பும் பொரேலியோசிஸ் (லைம் நோய்) என்ற இன்னொரு நோய்க்குத் தடுப்பூசியே கிடையாது. ஆனால் அது பரவப் பெரும்பாலும் பல மணி நேரம் ஆகும், அங்கே சீக்கிரம் எடுப்பது உண்மையிலேயே காப்பாற்றும். மாலையில் மகனின் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், காதுக்குப் பின்புறம், தலைமுடியின் ஓரம் எல்லாவற்றையும் பாருங்கள். கூர்முனை இடுக்கியால் உண்ணியைத் தோலை ஒட்டிப் பிடித்து, மெதுவாக நேராக இழுங்கள். எண்ணெயோ பசையோ தடவக் கூடாது. கடித்த இடத்தைச் சுற்றிச் சில வாரங்களுக்குள் சிவப்பு வளையம் பரவினால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கோடைக்கு மேலே போங்கள். ஷ்லிஃப்கொஃபைச் சுற்றி ‘கிரிண்டன்’ என்ற மரமற்ற ஈரமேடுகள் உண்டு. நூற்றாண்டுகளாக மாடு மேய்த்ததால் உருவானவை. அருகிலேயே லோதார்ஃபாட் என்ற பாதை. 1999 டிசம்பர் 26-இல் லோதார் புயல் சாய்த்த காட்டை அகற்றாமல் அப்படியே விட்டு, அதன் நடுவே பலகைப் படிகள் போட்டிருக்கிறார்கள். விழுந்த மரங்களுக்கிடையே புதுக்காடு எழுந்து நிற்பதை மகன் பார்க்க வேண்டும். மழையில் அந்தப் பலகைகள் வழுக்கும். இடி பெரும்பாலும் பிற்பகலில் வருவதால் மதியத்துக்குள் மேட்டிலிருந்து இறங்கிவிடுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையில் 30 நொடிக்குக் குறைவாக இருந்தால் ஏற்கெனவே தாமதமாகிவிட்டது. சைக்கிள் எடுத்துப் போனால், இந்த மாநிலத்தில் இரண்டு மீட்டருக்குக் குறைந்த அகலமுள்ள காட்டுப்பாதையில் ஓட்டத் தடை உண்டு. மார்ச் முதல் அக்டோபர் வரை காட்டில் புகைபிடிக்கவும் தடை.

செப்டம்பர், அக்டோபரில் காளான். வீட்டுத் தேவைக்குக் கொஞ்சம் எடுக்கலாம், ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோ என்பது வழக்கமான வரம்பு. ஷ்வார்ட்ஸ்வால்ட் தேசியப் பூங்காவுக்குள் எதையும் தொடாதீர்கள். தெரியாத காளானைத் தண்டோடு அறுக்காமல் அடிவரை தோண்டிப் பாருங்கள். கொடிய நச்சுக்காளானின் அடையாளமான பை மண்ணுக்குள் ஒளிந்திருக்கும். போன் செயலியை நம்பிச் சமைக்க வேண்டாம்.

இனி நவம்பர். வீண் என்பவர்கள் கீழே இருந்துகொண்டு சொல்கிறார்கள். காற்றழுத்தம் உயர்ந்து, காற்றில்லாத நாள்களில் குளிர்காற்று ரைன் சமவெளியில் தேங்கி மூடுபனியாகப் படுத்துவிடும். அப்போது நான் மேலே சொன்ன 0.6 டிகிரிக் கணக்கு தலைகீழாகிறது. கார்ல்ஸ்ரூஹேயில் சாம்பல் நிறத்தில் 2 டிகிரி, ஷ்லிஃப்கொஃபில் வெயிலோடு 9 டிகிரி என்பது நடக்கக்கூடியதே. கீழே வெண்கடல், அதற்கு அப்பால் வோகீஸ் மலைத்தொடர், காற்று தெளிவாக இருந்தால் தெற்கே ஆல்ப்ஸ். காலையில் மலைமேல் இருக்கும் வெப்கேமைப் பாருங்கள். வெயில் தெரிந்தால் உடனே கிளம்புங்கள்.

ஒரே எதிரி வெளிச்சம். நவம்பர் இறுதியில் நாலரைக்குச் சற்றுப் பின் சூரியன் மறைகிறது, ஊசியிலைக் காட்டுக்குள் அரை மணி முன்னதாகவே இருட்டும். வழிகாட்டிப் பலகையில் கிலோமீட்டர்தான் போட்டிருக்கும். மகனோடு மணிக்கு மூன்று கிலோமீட்டர் என்று கணக்கிட்டு, எங்கே இருந்தாலும் இரண்டு மணிக்குத் திரும்புங்கள். ‘யாக்ட்’ என்று பலகை வைத்துப் பாதையை மூடியிருந்தால் அங்கே வேட்டை நடக்கிறது, சுற்றிப் போங்கள். ஒவ்வொரு வழிகாட்டிக் கம்பத்திலும் அந்த இடத்தின் பெயரும் உயரமும் எழுதியிருக்கும். கடந்துபோகும் ஒவ்வொன்றையும் படமெடுங்கள். அவசர உதவிக்கு 112-ஐ அழைக்க நேர்ந்தால் கடைசியாகப் படமெடுத்த பெயரைச் சொன்னால் போதும்.